பாதி பிஸ்கட்

மூன்று மாதம் வாயைக் கட்டி, விடிவதற்குள் எழுந்து நடந்து, பத்து மணிக்கெல்லாம் விளக்கை அணைத்துப் படுத்தும், நாக்கக்காவின் சர்க்கரை எட்டு புள்ளி ஆறிலிருந்து எட்டு புள்ளி மூன்றுக்குத்தான் இறங்கியிருந்தது. அந்த ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை வைத்துக்கொண்டு எதிர்வீட்டில் நடந்த சண்டையை நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை. மூன்றாம் மாடியில் எங்கள் இரண்டு கதவுகளுக்கும் நடுவே இருப்பது நாலடி நடைதான். அங்கே ஒருவர் தும்மினால் இங்கே நாங்கள் மூக்கைத் துடைத்துக்கொள்வோம்.

“மறைச்சு எதாவது சாப்பிடறியா? சொல்லிடு, திட்ட மாட்டேன்.”

“இப்ப என்ன பண்றீங்க, கொஞ்சறீங்களா?”

“ரீடிங் பொய் சொல்லாது.”

“அப்ப நான் பொய் சொல்றேன்.”

“நான் அப்படிச் சொல்லல.”

“வேற எப்படிச் சொன்னீங்க?”

அதற்குப் பிறகு பாத்திரங்கள்தான் பேசின. ரீடிங் என்ற சொல் அக்காவின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், அவர் வாயில் ஊறியது. தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலையில் இருபத்தாறு வருடம் இருக்கிறார். வீடு வீடாகப் போய், குழியின் மூடியைத் தூக்கி, டார்ச் அடித்து, எண்ணைக் குறித்துக்கொண்டு வருவார். மனிதர்கள் ஆயிரம் சொல்வார்கள், முள் எங்கே நிற்கிறதோ அதுதான் உண்மை என்பது அவர் கட்சி.

நாக்கக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. நான் பேக்கிங்கில் வேலை செய்கிற அதே பிஸ்கட் கம்பெனியில், ருசி பார்க்கும் நாற்காலியில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவள் அவள். ஆறு அடுப்பிலிருந்தும் மணிக்கொரு தட்டு அவள் மேஜைக்குப் போகும். ஒரு பிஸ்கட்டை எடுத்துக் காதருகே வைத்து உடைப்பாள். உடைகிற சத்தத்திலேயே ஈரம் மிச்சமா, தீய்ந்துவிட்டதா என்பது தெரிந்துவிடும். பிறகு முகர்வாள். பிறகு பாதியை வாயில் போட்டு, மேலண்ணத்தில் அழுத்தி, கண்ணை மூடி விழுங்குவாள். ‘உப்பு ஒரு கை கூட’ என்பாள். இல்லாவிட்டால் ‘வெண்ணெய் பழசு’ என்பாள். அவ்வளவுதான், அந்த அடுப்பு நின்றுவிடும். மேனேஜரானாலும் அங்கே வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்த நாக்குக்காக அக்கா வேலை நாளில் வெங்காயம் தொடமாட்டாள், பவுடர் பூசமாட்டாள், டீயை ஆறவைத்துத்தான் குடிப்பாள்.

வருடத்துக்கு ஒருமுறை எங்களுக்கெல்லாம் மெடிக்கல் உண்டு. அந்த வருடம் அக்காவின் இடது கால்விரல்கள் மரத்துப்போயிருந்தன. ரத்தத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எட்டு புள்ளி ஆறு. கம்பெனி டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, மூன்று மாதத்தில் அது ஏழுக்குக் கீழே வராவிட்டால் ருசி பார்க்கிற நாற்காலியில் உட்கார உடல்தகுதி இருக்கிறதென்று தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டார். சம்பளம் குறையாது, பேக்கிங்குக்கு வந்துவிடலாம். என் பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் காலியாக இருந்தது. அக்கா அந்த ஸ்டூலை அன்று கடந்து போனபோது பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். அவளுக்கு அந்த நாற்காலியை விட்டால் தான் யார் என்றே தெரியாது.

மெடிக்கலுக்கு அடுத்த ஆளாக நான் பெஞ்சில் இருந்ததால் டாக்டரம்மா சொன்னதெல்லாம் என் காதிலும் விழுந்தது.

“மாத்திரை தர்றேன். மாத்திரையை மட்டும் போட்டுட்டு மத்ததெல்லாம் பழையபடியே இருந்தா, ஓட்டை வாளியில தண்ணி பிடிக்கிற மாதிரிதான். நடக்கணும். நல்லா தூங்கணும். வெயிட் தூக்கணும்.”

“வெயிட்டா? அம்பது வயசுலயா?”

“நாப்பத்தொம்பதுன்னு எழுதியிருக்கு.”

“அது சர்ட்டிபிகேட்டுல.”

“அப்ப அம்பதுலதான் தூக்கணும். சதை கரையற வயசு இதுதான். சதை இருந்தாத்தான் அது சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கும். சாப்பிடறது, தூங்கறது, நடக்கறது, மனசுல போட்டு உழப்பிக்கறது எல்லாமே ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போட்டது. ஒண்ணை மட்டும் அவுத்தா அவிழாது. அப்புறம், வாயில போறது எல்லாத்தையும் எழுதி வைங்க.”

எழுதுகிற பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார். மீட்டர் நோட்டைப் போலவே கட்டம் போட்டு, மணி, பொருள், அளவு என்று மூன்று பத்தி. ‘6.40, கோதுமை ரொட்டி இரண்டு, கீரை ஒரு கரண்டி.’ ‘4.15, வெள்ளரிக்காய் நாலு துண்டு.’ அவித்த முட்டையில் மஞ்சள் கரு தனியாக, வெள்ளை தனியாக எழுதுவார். ஐந்தே முக்காலுக்குத் தண்ணீர் டேங்க்கைச் சுற்றி நடை. ‘உனக்குத்தான் முதுகுவலியாச்சே, நீயும் வா’ என்று என்னையும் இழுத்துக்கொண்டார்கள். ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் இரண்டைக் கைக்கொன்றாகத் தூக்கி இறக்குவது, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து இருபது தடவை எழுவது, ஒன்பதரை மணிக்கு இரண்டு போனையும் காலி மாவு டப்பாவில் போட்டு மூடுவது. முதல் வாரம் அந்த டப்பா ராத்திரியெல்லாம் முனகிக்கொண்டிருந்ததாம். பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை.

பலன் கண்ணுக்குத் தெரிந்தது. மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்காமல் பூட்டைத் திறந்தாள் அக்கா. இடுப்புத் துணி தளர்ந்தது. எனக்குக்கூட முதுகு வலி பாதிக்குப் பாதி போயிற்று. அதனால்தான் எட்டு புள்ளி மூன்று என்ற காகிதம் எல்லார் வாயையும் அடைத்துவிட்டது. டாக்டரம்மா பெரிய மனது பண்ணி இன்னும் ஒரு நாலு மாதம் கொடுத்தார். அதுதான் கடைசி என்றும் சொன்னார்.

சண்டைக்கு மறுநாள் காலையிலும் நடக்கப் போனோம். எனக்கு இடப்பக்கம் அக்கா, வலப்பக்கம் மாமா. இருவரும் என் வழியாகப் பேசினார்கள்.

“தம்பி, கேனை ஒழுங்கா மூடலைன்னு சொல்லு.”

“தம்பி, நேத்து கேன் தூக்கினது யாருன்னு கேளு.”

நாற்பத்தாறு வயதில் தூது போகிற தம்பியாக இரண்டு வாரம் ஓட்டினேன்.

அப்படியிருக்கும்போது, எங்கள் கம்பெனிப் பக்கம் மீட்டர் பார்க்கிற ஆள் காலைச் சுளுக்கிக்கொண்டு லீவில் போக, அந்த வேலை மாமாவுக்கு வந்தது. மீட்டர் குழி ருசி அறைக்குப் பின்னால் இருக்கிறது. அதற்குப் போகிற நடைபாதையில் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் அக்காவை வேடிக்கை பார்ப்பார்கள். வழி காட்ட என்னை அனுப்பினார்கள். மணி பதினொன்று. தட்டுகள் அப்போதுதான் உள்ளே போயின.

மாமா கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டார். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் மனைவி வேலை செய்வதை அன்றுதான் முதல்முறை பார்க்கிறார். முகத்தில் ஒரு பெருமை வந்தது. அக்கா உடைத்தாள், முகர்ந்தாள், வாயில் போட்டாள், விழுங்கினாள். வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் கொப்பளித்து அதையும் விழுங்கினாள். அடுத்த தட்டு. மூன்றாவது தட்டில் மாமாவின் பெருமை மெல்ல வடிந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு தட்டும் முடியும்வரை அசையவில்லை. பிறகு என்னிடம், “குழி எங்க இருக்கு?” என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலை டீ நேரத்தில், “தம்பி, நீயும் வா” என்று கூப்பிட்டார். சமையலறை மேஜையில் அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“காலையில பதினோரு மணிக்கு, ஆறு பாதி,” என்றார் மாமா.

“என்ன ஆறு பாதி?”

“பிஸ்கட்டு. நீ சாப்பிட்டது.”

“நான் எங்க சாப்பிட்டேன்?”

“கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தேன்.”

“அது வேலைங்க.”

“வேலைதான். வயித்துக்குள்ள போச்சா இல்லையா?”

“போச்சு. அதுக்கு? அதைப் போய் யாராவது சாப்பாட்டுல சேப்பாங்களா? நீங்க ஊர்த் தண்ணி மீட்டரெல்லாம் பார்க்கறீங்க, அதெல்லாம் நீங்க குடிச்ச தண்ணியா?”

மாமா தலையைச் சொறிந்தார். அக்கா சொன்னதில் நியாயம் இருப்பதாக எனக்கும் ஒரு நிமிடம் பட்டது. பேக்கிங்கில் நாங்கள் உடைந்த துண்டுகளை வாயில் போட்டுக்கொண்டே இருப்போம். கேட்டால், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்போம். மனதாரத்தான் சொல்வோம். பெல்ட்டின் பக்கத்தில் நின்றுகொண்டு தின்றது எங்களில் யாருக்கும் தின்றதாக நினைவிருக்காது.

“ஒரு ஷிஃப்ட்டுக்கு எத்தனை தடவை தட்டு வரும்?” என்றார் மாமா.

“எட்டு.”

“ஆறெட்டு நாப்பத்தெட்டு. நாப்பத்தெட்டு பாதின்னா இருபத்திநாலு முழுசு. தம்பி, ஒரு பாக்கெட்டுல எத்தனை அடுக்கறீங்க?”

“பன்னண்டு,” என்றேன். எனக்கே குரல் இறங்கிவிட்டது.

அக்காவின் கை கீரையிலேயே நின்றது. பிறகு ஈரக்கையோடு நோட்டை இழுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். மூன்றரை மாதத்து ரொட்டியும் கீரையும் முட்டையும் வரிசையாக இருந்தன.

“வெள்ளரிக்காய் நாலு துண்டுன்னு எழுதியிருக்கீங்க,” என்றாள்.

“ஆமா.”

“நாலு துண்டு வெள்ளரிக்காயை எழுதிட்டு, தினம் ரெண்டு பாக்கெட் பிஸ்கட்டை விட்டுட்டோம்.”

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். எங்களுக்கும் அடக்க முடியவில்லை. சிரிப்பு அடங்கியதும் மாமா அவள் பக்கம் திரும்பி நேராகவே பேசினார்.

“உன்னைச் சந்தேகப்பட்டேன். தப்புதான்.”

“நீங்க பட்டது சரிதான். எனக்குத்தான் என் மேல சந்தேகமே வரல.”

“அதனால என்ன. நாளையிலேருந்து துப்பிடு.”

சிரித்த முகம் சுண்டிப்போயிற்று. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டாள். நான் தரையைப் பார்த்தேன். மாமாவுக்கு விஷயம் தெரியாது. நானும் அக்காவும் மட்டுமல்ல, கம்பெனியில் பழைய ஆட்கள் எல்லாரும் அறிந்த விஷயம்தான் அது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் இரண்டாவது ஷிஃப்ட்டுக்கு ஒரு நாக்கு வேண்டும் என்று என்னை அக்காவிடம் பழக அனுப்பினார்கள். பதினேழு நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அவ்வளவு தித்திப்பு ஆகாது என்பதால், மேஜைக்கு அடியில் ஒரு பேப்பர் கப் வைத்துக்கொண்டு துப்பிவந்தேன். பதினெட்டாம் நாள் கையும் களவுமாகப் பிடித்தாள். “துப்பறவனுக்கு நாக்கு எதுக்கு? தொண்டையில இறங்கினாத்தான் ருசி,” என்று ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் எல்லார் முன்னிலையிலும் சொன்னாள். நான் பேக்கிங்குக்குத் திரும்பினேன். அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்த நாலடி நடையில் நாங்கள் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. காலம் ஆக ஆகப் பேச ஆரம்பித்துவிட்டோம், ஆனால் அந்தப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை. தொண்டையில் இறங்கினால்தான் ருசி என்பது பிறகு கம்பெனிச் சட்டமாகவே ஆகிவிட்டது.

மறுநாள் மாலை என் கதவைத் தட்டினாள். உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றாள்.

“தம்பி, அந்த பேப்பர் கப்பு விஷயம்.”

“எந்த பேப்பர் கப்பு?”

“என் வாயால வரணும்னு பார்க்கற.”

“ஆமா.”

“சரி, கேட்டுக்கோ. நீ துப்பிட்டுச் சொன்ன பதினேழு நாள்ல ஒண்ணுகூடத் தப்பு இல்ல. எனக்கு அது அப்பவே தெரியும்.”

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

“தெரிஞ்சேதான் அனுப்பினீங்களா?”

“விழுங்கினாத்தான் தெரியும்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தேன். நீ துப்பிட்டுச் சரியாச் சொன்னா என் பேச்சு என்ன ஆகறது? அதான். இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல. வெக்கமாத்தான் இருக்கு. எப்படிப் பண்ணினன்னு சொல்லித் தா.”

எனக்கு ஆத்திரம் வந்தது. ஒன்பது வருடம் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டின கை இது. நான் கற்றுக்கொடுக்காவிட்டால் போதும், நாற்காலி என் பக்கம் வந்தாலும் வரும் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. பொய் சொல்வானேன். ஆனால் தன் தப்பைத் தானே கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, மன்னிப்பைக்கூடக் கேட்காமல், சொல்லித் தா என்று நிற்கிற ஆளை என்ன செய்வது? எனக்குப் பிடித்திருந்தது. அவளை எனக்கு எப்போதுமே பிடிக்கும் என்பதுதான் அந்தப் பழைய கோபத்தின் பாதி.

“துப்பின உடனே வாயைத் தொறக்காதீங்க,” என்றேன். “மூடிக்கிட்டு மூக்கால மூச்சு விடுங்க. தொண்டையில தெரியறதா நீங்க நெனைக்கறதுல முக்கால்வாசி அங்கதான் இருக்கு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு மேஜையில் பத்துத் தட்டு வைத்தோம். உப்புக் கூடினது, வெண்ணெய் பழசானது, ஒரு நாள் முந்தினது, சரியானது என்று நான் கம்பெனியிலிருந்து கேட்டு வாங்கி வந்த பிஸ்கட்டுகள். தட்டுக்கு அடியில் சீட்டு. மாமா சீட்டுகளுக்குக் காவல். அக்கா ஒரு மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பத்தில் நாலுதான் சரியாக வந்தது. கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

“நாக்கு செத்துப்போச்சு.”

“நாக்கு நல்லாத்தான் இருக்கு. அவசரப்படறீங்க,” என்றேன். “விழுங்கறப்ப நேரம் இருந்துச்சு, இப்ப வாய் காலியானதும் முடிஞ்சுபோச்சுன்னு நெனைக்கறீங்க. மூணு மூச்சு விடற வரைக்கும் எதுவும் சொல்லாதீங்க.”

“நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்,” என்றாள். அப்படி ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

மூன்றாவது ஞாயிறு ஏழு வந்தது. மறுநாளே அவள் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். சாட்சிக்கு என்னையும் கூட்டிப்போனாள். யாருக்கும் தெரியாமல் மேஜைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாமே என்று மாமா கேட்டுப் பார்த்தார். அடியில் வைத்தவனை அனுப்பினவள் நான், நானே அடியில் வைப்பதா என்று சொல்லிவிட்டாளாம்.

மேனேஜர் எங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவர். மேஜைக்கும் அவருக்கும் நடுவே எப்போதும் வயிறுதான் முதலில் நிற்கும்.

“துப்பறதா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆளுங்க பார்க்கறப்ப நம்ம பொருளைத் துப்பினா என்ன நெனைப்பாங்க?”

“பல்லு துலக்கறப்ப எல்லாரும்தான் துப்பறாங்க.”

“துப்பினா ருசி தெரியாதுன்னு நீங்கதானேம்மா சொல்லிட்டு இருந்தீங்க?”

“நான்தான் சொன்னேன். தப்பாச் சொன்னேன். இவரை அனுப்பினதும் தப்பு. நான் தினம் இருபத்திநாலு பிஸ்கட்டு விழுங்கிட்டு, சர்க்கரை ஏன் இறங்கலன்னு வீட்டுல கீரை ஆய்ஞ்சுட்டு இருந்தேன் சார்.”

மேனேஜர் இருபத்திநாலா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார்.

“மெடிக்கல் வரைக்கும் விடறேன். அன்னிக்கு நானே பத்துத் தட்டு வைப்பேன். டாக்டர் சொல்ற நம்பரும் சரியா இருக்கணும், நாக்கும் சரியா இருக்கணும். ரெண்டுல ஒண்ணு தவறினாலும் பேக்கிங்தான். அப்புறம் வருத்தப்படக் கூடாது.”

“படமாட்டேன்,” என்றாள் அக்கா.

அடுத்த மூன்று மாதம் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். முதல் வாரம் அடுப்புக்காரர்கள் கிண்ணத்தைக் காட்டிக் கேலி செய்தார்கள். அக்கா கேலிக்கும் மூன்று மூச்சு பொறுத்துத்தான் பதில் சொன்னாள், அது அவர்களை இன்னும் கலங்கடித்தது. காலை நடை ஒரு சுற்றிலிருந்து நாலு சுற்றானது. தண்ணீர் கேன் ஐந்து லிட்டரிலிருந்து எட்டு லிட்டருக்குப் போயிற்று. மாமா நோட்டில் ஒரு புதுப் பத்தி கட்டினார். அதில் ‘துப்பியது’ என்று எழுதி, கீழே நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு என்று தினமும் போட்டார். நான் உடைந்த பிஸ்கட்டைத் தொடுவதை விட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு உண்மையிலேயே பசிப்பதை அந்த மாதம்தான் தெரிந்துகொண்டேன்.

ஒருநாள் காலை, மழை விட்ட ஈரத்தில் நடந்துகொண்டிருந்தோம். அக்கா சட்டென்று நின்றாள். இடது ஷூவைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்து உதறினாள். ஒரு சின்னக் கல் விழுந்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. அதைக் குனிந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

“குத்துச்சுங்க,” என்றாள்.

“ரத்தம் வருதா?” என்று மாமா பதறினார்.

“வரல. குத்துச்சு. சுண்டுவிரல்ல. எனக்குத் தெரிஞ்சுது.”

மாமா அந்தக் காலைக் கையில் பிடித்துக்கொண்டு ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சுண்டுவிரலைக் கிள்ளினார். அக்கா ஆ என்றாள். இன்னொரு தடவை கிள்ளினார். நடக்க வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நடுரோட்டில் பெண்டாட்டியின் கால்விரலைக் கிள்ளிக் கிள்ளி அழுகிற மனிதரை அவர்கள் பார்த்திருக்கமாட்டார்கள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். என் கண்ணும் நன்றாக இல்லை.

மெடிக்கல் நாள் வந்தது. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“ஆறு புள்ளி எட்டு. என்ன பண்ணினீங்க?”

“நீங்க சொன்னதைத்தான். எல்லாத்தையும் எழுதச் சொன்னீங்க. அதுல ஒண்ணு விட்டுப்போயிருந்தது, அதையும் சேத்தோம்.”

அங்கிருந்து நேரே ருசி அறை. மேனேஜர் சொன்னபடி பத்துத் தட்டு வைத்திருந்தார். மாவைத் தானே பக்கத்தில் நின்று பிசையச் சொல்லி, யாரிடமும் மூச்சு விடாமல் சுடவைத்திருந்தார். கண்ணாடிக்கு வெளியே அரை ஷிஃப்ட் கூடியிருந்தது. அவர்களுக்கு நடுவில் மீட்டர் பையோடு மாமா நின்றார். அன்று அந்தப் பக்கத்தில் அவர் பார்க்க வேண்டிய மீட்டர் எதுவும் இல்லை.

அக்கா ஒன்றும் அவசரப்படவில்லை. உடைத்தாள், கேட்டாள், முகர்ந்தாள், அழுத்தினாள், துப்பினாள். மூன்று மூச்சு. முதல் தட்டுக்கு உப்புக் குறைவு என்றாள். இரண்டாவது நேற்றையது. மூன்றாவதற்கு மாவு நல்லது, அடுப்பு மோசம் என்றாள். மேனேஜர் ஒவ்வொரு சீட்டாகத் திருப்பிப் பார்த்து ஒரு பக்கம் அடுக்கினார். ஏழாவது தட்டு சரியாக இருக்கிறது என்றாள். மேனேஜரின் கை அடுக்குவதை நிறுத்தி, அந்தச் சீட்டைத் தனியாக வைத்தது. அக்கா அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் எட்டாவதை எடுத்தாள்.

பத்தும் முடிந்தது.

“ஒன்பது,” என்றார் மேனேஜர். “ஏழாவதுல சோடா அரை ஸ்பூன் கூட. விழுங்கியிருந்தா பிடிச்சிருப்பீங்க.”

“பிடிச்சிருக்கலாம். சோடா மட்டும் தொண்டையிலதான் தெரியும், அது நெஜம்தான்.”

“அப்ப?”

நான் கண்ணாடிக்கு வெளியே மாமாவைப் பார்த்தேன். உள்ளே பேசுவது அவருக்குக் கேட்காது. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா கிண்ணத்தை மூடினாள்.

“அந்த ஒண்ணைப் பிடிக்கறதுக்காக என் காலைக் குடுக்க முடியாது சார். இருபத்திரண்டு வருஷம் குடுத்தது போதும். ஒன்பது போதும்னா நாளைக்கு வர்றேன். போதாதுன்னா இவர் பக்கத்துல ஸ்டூல் இருக்கு, அதுல உக்காந்துக்கறேன். எங்க உக்காந்தாலும் நான் நல்லாத்தான் இருப்பேன்.”

குரல் உயரவில்லை, தழுதழுக்கவும் இல்லை. கடையில் அரிசி வேண்டுமா வேண்டாமா என்று சொல்வதுபோல் சொன்னாள்.

மேனேஜர் ஏழாவது தட்டிலிருந்து ஒரு முழுப் பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார், விழுங்கினார், மேலே விட்டத்தைப் பார்த்து யோசித்தார்.

“எனக்கும் தெரியல,” என்றார்.

பிறகு டாக்டரம்மாவின் காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டு அக்காவிடம் கொடுத்தார். “எட்டு மணி ஷிஃப்ட்டுக்கு வந்துடுங்க,” என்றார். அக்கா காகிதத்தைக் கண்ணாடிக்கு வெளியே தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினாள். வெளியே ஒரே சத்தமாகிவிட்டது. மாமா எவர் கையையோ பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

நாங்கள் கிளம்பும்போது மேனேஜர், “ஒரு நிமிஷம்மா,” என்றார். கதவைச் சாத்தினார். சட்டையின் வயிற்றுப் பக்கத்தில் ஒட்டியிருந்த துகள்களைத் தட்டிவிட்டார். தட்டிக்கொண்டிருந்த கை அங்கேயே நின்றது.

“நான் தினம் காலையில ரவுண்ட்ஸ் வர்றப்ப, ஒவ்வொரு அடுப்புலயும் ஒண்ணு எடுப்பேன்,” என்றார். “அதை நானும் இதுவரைக்கும் சேத்ததே இல்ல.”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“காலையில எத்தனை மணிக்கு நடக்கறீங்க?” என்று கேட்டார் மேனேஜர்.

“அஞ்சே முக்கால். தண்ணி டேங்க்கிட்ட,” என்றாள் அக்கா. “லேட்டா வந்தா நாங்க நிக்கமாட்டோம்.”